ஸ்ரொன்சியமும் ஈயமும் ஒரே அளவு, பிறகு ஈயக் காபனேற்று மட்டும் ஏன் 315 பாகையிலேயே பிரிகிறது?

பாலைப்பழம் (கிளிநொச்சி) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த முறை உயர்தரம் எடுக்கிறேன். காபனேற்றுகளின் வெப்பப் பிரிகையில் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

ரியூசனில் சொல்லித் தந்தது இதுதான்: கற்றயன் (உப்பில் இருக்கிற நேர் ஏற்ற உலோக அயன்) சிறிதென்றால் காபனேற்று அயனின் இலத்திரன் முகிலைத் தன் பக்கம் இழுக்கும், காபன் ஒட்சிசன் பிணைப்பு தளரும், குறைந்த வெப்பத்திலேயே ஒட்சைட்டாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிந்துவிடும். கற்றயன் பெரிதென்றால் இழுப்புக் குறைவு, உப்பு உறுதி. ஆவர்த்தன அட்டவணையின் இரண்டாம் கூட்டத்துக்கு இது அச்சொட்டாகப் பொருந்துகிறது. மகனீசியம் 540, கல்சியம் 900, ஸ்ரொன்சியம் 1290, பேரியம் 1360. எல்லாம் செல்சியஸ் பாகை.

பிறகு பயிற்சிப் புத்தகம் ஒன்றில் ஈயக் காபனேற்று 315 பாகையில் பிரியும் என்று கண்டேன். ஈய அயனின் ஆரையைத் தேடிப் பார்த்தால் 119 பிக்கோமீற்றர். ஸ்ரொன்சியத்துக்கு 118. ஏற்றமும் இரண்டுக்கும் இரண்டுதான். அப்படியென்றால் ஈயமும் 1300க்குக் கிட்டவல்லவா வர வேண்டும்? கிட்டத்தட்ட ஆயிரம் பாகை எங்கே போனது?

வகுப்பில் கேட்டேன். "அது எஸ் தொகுப்பு (முதல் இரண்டு கூட்டங்கள்) இல்லைத்தானே பிள்ளை, அதை விடு" என்றார்கள். விட மனம் வரவில்லை.


நெத்தலியாறு (ஒட்டுசுட்டான்) எழுதியது:

விடாதே பிள்ளை. நல்ல கேள்வி. நான் படிப்பித்த காலத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன்.

காரணத்துக்குப் போகுமுன் கண்ணால் காண்பதைச் சொல்கிறேன். இப்போது பள்ளிக்கூடங்களில் ஈயச் சேர்மங்களைச் சூடாக்கிக் காட்டுவதில்லை, அது சரியான முடிவு. எங்கள் காலத்தில் செய்தோம். கொதிகுழாயில் ஒரு சிறங்கை கூட இல்லை, கரண்டி நுனியில் எடுத்த வெள்ளைத் தூள். சுவாலையில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் தூள் தண்ணீர் மாதிரி அசையத் தொடங்கும். உருகவில்லை, உள்ளிருந்து வாயு கிளம்புவதால் துகள்கள் குமுறுகின்றன. நிறம் வெள்ளையிலிருந்து மஞ்சள், பிறகு செம்மஞ்சள், சூடு கூடினால் மண்ணிறத்துக்கே போகும். சுவாலையை எடுத்துவிட்டு ஆற விட்டால் மஞ்சளுக்குத் திரும்பி அங்கேயே நிற்கும். வெள்ளைக்குத் திரும்பாது. அதுதான் ஈய ஒட்சைட்டு. குழாயை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அடியில் ஒரு மஞ்சள் கறை போகாது, ஏனென்றால் ஈய ஒட்சைட்டு சூட்டில் கண்ணாடியோடு சேர்ந்து உருகி உள்ளே இறங்கிவிடும். எங்கள் ஆய்வுகூடத்தில் அந்தக் குழாய்களுக்கென்று தனித் தட்டு இருந்தது.

இனி உன் ஆயிரம் பாகை. அதற்கு முதல் ஒரு கேள்வி உனக்கு. "900 பாகையில் பிரியும்" என்றால் 899இல் பிரியாதா?


சூளைக்காரன் (நெடுங்கேணி) எழுதியது:

சேர், நடுவில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் இரசாயனம் படித்தவன் இல்லை, செங்கல் சூளை வைத்திருக்கிறேன். இந்தச் சுண்ணாம்பு விஷயத்தில் அடிபட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

குளத்துப் பக்கம் வெட்டுகிற மண்ணில் நத்தை ஓடு, வெள்ளைக் கல் துண்டு எல்லாம் கலந்து வரும். அரிக்காமல் குழைத்து அறுத்தால், சூளையிலிருந்து இறக்கும்போது கல் நல்ல சிவப்பாக, தட்டினால் கிண் என்று கேட்கும். மழை ஒன்று பெய்யட்டும், அடுத்த நாள் கல்லின் முகத்தில் நாணயம் அளவில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கிடக்கும். ஒவ்வொரு குழியின் நடுவிலும் பயறு அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. வாங்கினவர் சண்டைக்கு வருவார்.

சூளையின் உட்பக்கம் அடுக்கிய கல்லில் இது அதிகம், வெளிச்சுற்றில் சரியாக வேகாத கல்லில் இல்லை. எங்களிடம் வெப்பமானி கிடையாது, நெருப்பின் நிறம் பார்த்துத்தான் விறகு தள்ளுவது. எங்கள் சூளை 900 தொடுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் ஓடு வெந்துவிடுகிறது.


நெத்தலியாறு எழுதியது:

சூளைக்காரன் தம்பி பாடத்தை அரைவாசி முடித்துவிட்டார்.

கல்சியம் காபனேற்று சூட்டில் கல்சியம் ஒட்சைட்டாக, அதாவது நீறாத சுண்ணாம்பாக மாறுகிறது. 100 கிராம் கொடுத்தால் 56 கிராம் மிச்சம், 44 கிராம் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். செங்கல்லுக்குள் சிறைப்பட்ட அந்தத் துண்டு மழைத் தண்ணீரைக் குடித்து ஐதரொட்சைட்டாகும்போது ஊதும், சூடும் வரும். ஊதினால் மேலே இருக்கிற ஓடு பெயரும். அதற்குத்தான் சில இடங்களில் சூளையிலிருந்து எடுத்த கையோடு கல்லைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பார்கள். மண்ணை நன்றாக அரித்து, மிஞ்சுகிற துண்டைத் தூளாக்கிவிடுவது அதைவிட நல்லது.

வெப்பநிலைக்கு வருவோம். இது ஒரு மீளும் தாக்கம். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் காபனீரொட்சைட்டின் ஒரு சமநிலை அமுக்கம் இருக்கிறது. கல்சியம் காபனேற்றுக்கு அது 600 பாகையில் 0.0024 வளிமண்டலம், 700இல் 0.03, 800இல் 0.22, 900க்குச் சற்று முன் சரியாக 1. புத்தகத்தில் போடுகிற "900" என்பது அந்த அமுக்கம் ஒரு வளிமண்டலத்தைத் தொடுகிற புள்ளி, வேறொன்றுமில்லை. காற்றில் காபனீரொட்சைட்டு 0.04 வீதம்தான், அதாவது 0.0004 வளிமண்டலம். ஆகவே திறந்த காற்றில் 550 பாகையை அண்டியே கணக்குப்படி வெளியேறத் தொடங்கலாம், ஆனால் வேகம் மிக மிகக் குறைவு. சூளையில் நல்ல இழுவை இருந்து வாயு அள்ளுப்பட்டுப் போனால் 900க்குக் கீழேயே வேலை முடியும். மூடிய குழாயில் வாயு போக இடமில்லாவிட்டால் 900இலும் முடியாது.

பாலைப்பழம், பரீட்சையில் "பிரிகை வெப்பநிலை" என்று கண்டால் இதை மனதில் வை.


பாலைப்பழம் எழுதியது:

விளங்குகிறது சேர். ஆனால் ஈயத்துக்கும் அதே மாதிரி ஒரு வளிமண்டலப் புள்ளிதானே 315? அப்படியானால் கேள்வி அப்படியே இருக்கிறது.


கரைவலை (முல்லைத்தீவு) எழுதியது:

வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற ஈயக்குண்டுகள் வீட்டில் ஒரு பழைய வாளி நிறையக் கிடக்கின்றன. மேலே வெள்ளையாக மா பிடித்த மாதிரி இருக்கும், தொட்டால் கையில் ஒட்டும். அது ஈயக் காபனேற்றா? சுரண்டி எடுத்துப் பேணி மூடியில் போட்டுக் காஸ் அடுப்பில் வைத்துப் பார்த்தால் சேர் சொன்ன நிற மாற்றத்தைக் காணலாமா? மாமா பழைய குண்டுகளை அகப்பையில் உருக்கி அச்சில் ஊற்றுவார், அப்போது மேலே மஞ்சள் சாம்பல் நிறத்தில் ஒரு ஆடை படியும். அதுவும் இதுவும் ஒன்றா?


மாங்குளம் ரீச்சர் எழுதியது:

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

ஈரக்காற்றில் கிடக்கிற ஈயத்தின் மேல் வருகிற வெள்ளை பெரும்பாலும் ஈயக் காபனேற்றும் ஐதரொட்சைட்டும் கலந்ததுதான், கடலில் ஊறியிருந்தால் குளோரைட்டும் இருக்கும். தண்ணீரில் அது அவ்வளவாகக் கரையாது. ஆனால் வயிற்று அமிலத்தில் நன்றாகக் கரையும். கையில் ஒட்டிய தூள் சோற்றோடு உள்ளே போனால் போதும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் ஈயம் முதலில் தாக்கும், அதற்குப் "பாதுகாப்பான அளவு" என்று ஒன்று கிடையாது. சமைக்கிற அடுப்பில், பேணி மூடியில், முகத்துக்கு நேரே வைத்துச் சுரண்டின தூளைச் சூடாக்குவது நினைக்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்று. தூண்டில் குண்டைப் பல்லால் கடித்து இறுக்குகிற பழக்கம் நம் கரையோரத்தில் இன்னும் இருக்கிறது. குறடு எடுங்கள். உருக்குவதென்றால் வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, பிள்ளைகள் இல்லாத இடத்தில். ஈரமான குண்டை உருகிய ஈயத்துக்குள் போட்டால் நீராவி வெடித்துத் தெறிக்கும், அது வேறு கதை.


கரைவலை எழுதியது:

சரி ரீச்சர், செய்யவில்லை. வாளியையும் குசினிப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கேட்டதற்குப் பதில்?


மாங்குளம் ரீச்சர் எழுதியது:

மாமாவின் அகப்பையில் படிகிற ஆடை உருகிய ஈயம் காற்றில் ஒட்சியேறுவதால் வருகிற ஈய ஒட்சைட்டு. வெள்ளைப் பூச்சிலிருந்து கிடைப்பதும் ஈய ஒட்சைட்டுத்தான், வழி வேறு. ஈயம் உருகுவது 327 பாகையில். ஆகவே பழைய குண்டைச் சூடாக்கும்போது உலோகம் இளகுகிற நேரத்துக்குள் மேலே இருக்கிற வெள்ளை பிரிந்து மஞ்சளாகத் தொடங்கியிருக்கும்.


பம்பைமடு (வவுனியா) எழுதியது:

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம் படிக்கிறேன். தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன், எல்லாரும் சூளைக்கும் கடலுக்கும் போய்விட்டார்கள்.

ஆரை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் வேண்டும். ஸ்ரொன்சியம் அயனுக்கு வெளியோடு சடத்துவ வாயு அமைப்பு. ஈய அயன் அப்படி இல்லை. 4எப் உபசக்தி மட்டத்தில் பதினான்கு இலத்திரன், 5டீயில் பத்து, அதற்கு மேல் 6எஸ் இரண்டு என்று கிடக்கிறது. எப், டீ இலத்திரன்கள் கருவின் ஏற்றத்தைச் சரியாக மறைப்பதில்லை. அதனால் வெளியே ஏற்றம் இரண்டு என்று எழுதினாலும் காபனேற்று அயன் உணர்கிற இழுப்பு அதைவிடக் கூட. முனைவாக்கும் வலு, அதாவது பக்கத்து அயனின் இலத்திரன் முகிலை இழுக்கிற வலு கூட, பிணைப்பு தளரும், சீக்கிரம் பிரியும். நாகக் காபனேற்று 300 பாகைக்குக் கிட்டப் பிரிவதற்கும், செப்பின் பச்சைக் காபனேற்று சாதாரண சுவாலையிலேயே கறுப்பு ஒட்சைட்டாக மாறுவதற்கும் இதே கதைதான்.

முடிந்தது.


நெத்தலியாறு எழுதியது:

முடியவில்லை தம்பி. நீங்கள் சொன்னது பிழை என்று சொல்ல வரவில்லை, ஆனால் அது கதையின் ஒரு பக்கம். தாக்கத்தின் வலது பக்கத்தில் ஒட்சைட்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 25 பாகையில் தோன்றல் வெப்பவுள்ளுறைகள் (மூலகங்களிலிருந்து ஒரு மூல் சேர்மம் உண்டாகும்போது வருகிற வெப்ப மாற்றம்), மூலுக்குக் கிலோயூலில்: ஈயக் காபனேற்று மறை 699, ஈய ஒட்சைட்டு மறை 217, காபனீரொட்சைட்டு மறை 393.5. கழித்தால் பிரிகைக்குத் தேவை 88. ஸ்ரொன்சியத்துக்கு இதே கணக்கு: காபனேற்று மறை 1220, ஒட்சைட்டு மறை 592, தேவை 235. கல்சியத்துக்கு 178. பேரியத்துக்கு 269.

எந்திரப்பி மாற்றம், அதாவது ஒழுங்கின்மை கூடுகிற அளவு, எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு திண்மத்திலிருந்து ஒரு மூல் வாயு வெளியேறுகிறது. ஈயத்துக்கு மூலுக்கு, கெல்வினுக்கு 151 யூல், கல்சியத்துக்கு 160, ஸ்ரொன்சியத்துக்கு 171. வெப்பவுள்ளுறையை எந்திரப்பியால் வகுத்தால் சமநிலை வெப்பநிலை வரும்.

ஈயம்: 88,000ஐ 151ஆல் வகுக்க 583 கெல்வின். அதாவது 310 பாகை.

பார்த்தாயா பிள்ளை, உன் 315க்கு எவ்வளவு கிட்ட வந்துவிட்டது. கல்சியத்துக்கு 839 வருகிறது, உண்மை 900க்குச் சற்றுக் கீழே. ஸ்ரொன்சியத்துக்கு 1100 வரும், உண்மை அதைவிடக் கூட. 25 பாகை எண்களை ஆயிரம் பாகைக்கு இழுத்தால் கொஞ்சம் விலகத்தான் செய்யும். ஆனால் வரிசை குலையவில்லை. உன்னுடைய காணாமல் போன ஆயிரம் பாகை 88க்கும் 235க்கும் இடையில் கிடக்கிறது.


பாலைப்பழம் எழுதியது:

சேர், மகனீசியத்துக்கும் போட்டுப் பார்த்தேன். தேவை 101, எந்திரப்பி 175. 577 கெல்வின், 304 பாகை வருகிறது. புத்தகம் 540 என்கிறதே?


நெத்தலியாறு எழுதியது:

அதில் புத்தகங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 350 என்பதும் இருக்கிறது, 540 என்பதும் இருக்கிறது. கணக்கு சொல்வது "இதற்கு மேல் பிரிய முடியும்" என்பதை. நம் நேரத்துக்குள் பிரிந்து முடியுமா என்பது வேகத்தின் கேள்வி. மகனீசியம் காபனேற்று மந்தமானது, 304இல் வைத்துக்கொண்டு காத்திருந்தால் சலித்துப்போகும். தூளின் பருமன், சூடாக்குகிற வேகம், மேலே ஓடுகிற வாயு எல்லாம் அந்த எண்ணை மாற்றும். வரிசையைப் பாடமாக்கு, தனி எண்ணுக்காக ஒருவரோடும் சண்டை பிடிக்காதே.


பம்பைமடு எழுதியது:

சேர், மரியாதையோடு மறுக்கிறேன். 88 ஏன் 88, 235 ஏன் 235 என்பதுதானே கேள்வி? தோன்றல் வெப்பவுள்ளுறையை எடுத்துக் கழித்துக் காட்டுவது அளவிடுவது, விளக்குவது இல்லை. கேள்வியை வேறு அலகில் திருப்பி எழுதியது போல இருக்கிறது. என்னுடைய முனைவாக்கம் காரணம் சொல்கிறது.


நெத்தலியாறு எழுதியது:

நல்ல அடி. ஏற்கிறேன், எண் மட்டும் காரணமாகாது. ஆனால் உங்கள் காரணத்தைக் கொஞ்சம் சோதிப்போம்.

ஈயக் காபனேற்றின் கனியம் செருசைற்று. ஸ்ரொன்சியம் காபனேற்றின் கனியம் ஸ்ரொன்சியனைற்று. இரண்டுக்கும் பளிங்குக் கட்டமைப்பு ஒன்றுதான், கல்சியம் காபனேற்றின் அரகனைற்று வடிவம். கற்றயனைச் சுற்றி ஒன்பது ஒட்சிசன். தூரங்களும் ஏறக்குறைய ஒன்று. முனைவாக்கம் அவ்வளவு பலமாகக் காபனேற்றைப் பிய்க்கிறதென்றால் திண்மத்திலேயே பெரிய வித்தியாசம் தெரிய வேண்டாமா? காபனேற்றுப் பக்கத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன.

இப்போது வலது பக்கம் வாருங்கள். ஸ்ரொன்சியம் ஒட்சைட்டு கறியுப்பின் கட்டமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு அயனையும் சுற்றி ஆறு ஒட்சிசன், தூரம் 258 பிக்கோமீற்றர். சிவப்பு வடிவ ஈய ஒட்சைட்டில் ஒவ்வொரு ஈயத்துக்கும் நான்கே நான்கு ஒட்சிசன், நான்கும் ஒரே பக்கத்தில், தூரம் 232. மறு பக்கம் வெறுமை, அங்கே உங்கள் 6எஸ் தனிச்சோடி, பிணைப்பில் சேராத அந்த இரண்டு இலத்திரன்கள், சாய்ந்து கிடக்கிறது. அடுக்கு அடுக்கான பளிங்கு.

118உம் 119உம் என்று நம்பிக்கொண்டிருந்த இரண்டு அயன்கள், ஒட்சைட்டுக்குள் போனதும் 26 பிக்கோமீற்றர் வித்தியாசம் காட்டுகின்றன. ஈயம் அங்கே அயன்போல நடக்கவில்லை, ஒட்சிசனோடு பங்கீட்டு வலு கலந்த இறுக்கமான பிணைப்பு போட்டுவிட்டது. ஒட்சைட்டில் அந்தளவு இலாபம் கிடைக்கும் என்றால் காபனேற்றைக் கைவிட அதற்கு என்ன தயக்கம்?


பம்பைமடு எழுதியது:

232 எனக்குத் தெரியாது. அது வலுவான சான்று.

ஆனால் சேர், அந்த இறுக்கமான பிணைப்பு எங்கிருந்து வருகிறது? மறைக்கப்படாத கரு ஏற்றத்திலிருந்தும், 6எஸ், 6பீ கலப்பிலிருந்தும். நான் சொன்ன அதே இடத்திலிருந்து. நான் அதைக் காபனேற்றின் ஒட்சிசனைப் பிய்க்கிற கையாகப் பார்த்தேன், நீங்கள் பிய்த்த ஒட்சிசனை அணைக்கிற கையாகப் பார்க்கிறீர்கள்.


நெத்தலியாறு எழுதியது:

அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பிய்ப்பதை மட்டும் படிப்பித்தால் பிள்ளைகள் ஆரையைப் பார்த்து வெப்பநிலையைக் குறி சொல்லத் தொடங்கிவிடுவார்கள், பாலைப்பழம் மாட்டிக்கொண்டது அங்கேதான். இரண்டாம் கூட்டத்துக்குள்ளேயும் ஒட்சைட்டைப் பார்க்க வேண்டும். மகனீசியம் ஒட்சைட்டில் சின்ன அயனும் சின்ன அயனும் நெருங்கி நிற்பதால் சாலகச் சக்தி (அயன்களைப் பளிங்கில் கட்டி வைத்திருக்கிற சக்தி) மிக உயர்வு. காபனேற்று அயன் பெரிய உருவம், அதன் பக்கத்தில் மகனீசியம் நின்றாலும் பேரியம் நின்றாலும் தூரம் அவ்வளவாக மாறாது. ஒட்சைட்டாக மாறுவதால் மகனீசியத்துக்குக் கிடைக்கிற இலாபம் பேரியத்துக்குக் கிடைக்காது. முனைவாக்கம் என்ற சொல்லே இல்லாமல் முழு வரிசையும் வந்துவிடும்.


பாலைப்பழம் எழுதியது:

இதை வாசித்து முடிக்கும்போது சோறு ஆறிவிட்டது. நன்றி சேர், நன்றி அண்ணா. ஆனால் பரீட்சைத்தாளில் எதை எழுதுவது? புள்ளித்திட்டத்தில் 232 பிக்கோமீற்றர் இருக்காதே.


மாங்குளம் ரீச்சர் எழுதியது:

எஸ் தொகுப்புக் கேள்வி என்றால் "கூட்டம் வழியே கீழே செல்லக் கற்றயனின் பருமன் கூடும், முனைவாக்கும் வலு குறையும், ஆகவே வெப்ப உறுதி கூடும்" என்று எழுது. புள்ளி அதற்குத்தான். ஈயமும் ஸ்ரொன்சியமும் ஒப்பிடச் சொன்னால் மட்டும் பம்பைமடு சொன்ன இலத்திரன் அமைப்பை ஒரு வரி சேர். கட்டுரை வினாவில் வெப்பவுள்ளுறை தரவு கொடுத்துக் கேட்டால் சேரின் கணக்கு கைகொடுக்கும்.

செய்முறைக்கு நான் வகுப்பில் காட்டுவது செப்பும் நாகமும். செப்பின் பச்சைத் தூள் கறுப்பாவதைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். நாகம் சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை, ஈயத்தோடு குழப்பாமல் இருக்க அது ஒன்றே போதும். கல்சியத்துக்குச் சோதனைக் குழாய் சரிவராது. முட்டைக்கோதுத் துண்டு ஒன்றைக் கம்பி வலையின் விளிம்பில் வைத்துப் பன்சன் சுடரடுப்பின் நீலச் சுவாலையை நேரே பிடித்தால் ஓரம் வெள்ளையாக ஒளிரும். நன்றாக ஆறவிட்டு ஒரு துளி தண்ணீர், ஒரு துளி பினோத்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகிற காட்டி). ஓரம் மட்டும் இளஞ்சிவப்பாகும். நடுப்பகுதி அப்படியே காபனேற்றாக இருக்கும்.


உப்புக்காற்று (பரந்தன்) எழுதியது:

சோடியத்தை ஒருவரும் தொடவில்லையே. சலவைச் சோடாவைச் சுவாலையில் எவ்வளவு காய்ச்சினாலும் பிரியாது, 851 பாகையில் உருகத்தான் செய்யும். பொற்றாசியமும் அப்படியே, 891. முதலாம் கூட்டத்தில் இலிதியம் மட்டும் கொஞ்சம் வழிக்கு வரும். எங்கள் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் எரிசோடா எடுத்தது ஆனையிறவு உப்பின் கரைசலை மின்பகுத்துத்தான். சோடாவைச் சூடாக்கி ஒட்சைட்டு எடுப்பது என்று ஒரு வழியே கிடையாது.

அப்பச்சோடா வேறு ஆள். அது இருகாபனேற்று, நூறு பாகைக்கு உள்ளேயே நீரும் காபனீரொட்சைட்டும் விட்டுச் சலவைச் சோடாவாகிவிடும். இங்கே கேத்தலின் அடியில் பிடிக்கிற வெள்ளைக்கும் அதே இனம் காரணம். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கிற கல்சியம் இருகாபனேற்று கொதித்ததும் பிரிந்து காபனேற்றாகப் படிகிறது. சூட்டினால் பிரிவது ஒன்று, அந்தச் சூட்டில் அசையாமல் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. தேசிக்காய்ப் புளி விட்டால் போய்விடும்.


பாலைப்பழம் எழுதியது:

கடைசியாக ஒன்று. மாதிரி வினாத்தாளில் வந்தது. 12.00 கிராம் ஈயக் காபனேற்றை மிதமாகச் சூடாக்கியபோது மீதி 10.68 கிராம், மீதியின் சூத்திரம் என்ன என்று கேட்கிறார்கள். முழுதும் ஒட்சைட்டானால் 10.02 தானே வர வேண்டும்? பரிசோதனைப் பிழை என்று எழுதவா?


நெத்தலியாறு எழுதியது:

வேண்டாம், வினா எடுத்தவர் விஷயம் தெரிந்தவர். ஈயக் காபனேற்று ஒரே பாய்ச்சலில் ஒட்சைட்டாவதில்லை, இடையில் நின்று நின்று இறங்கும். சார்மூலக்கூற்றுத் திணிவு 267.2, அதில் காபனீரொட்சைட்டு 44, அதாவது 16.5 வீதம். உன் இழப்பு 1.32 கிராம், 11 வீதம். 16.5இல் மூன்றில் இரண்டு பங்கு. மூன்று மூல் காபனேற்றில் இரண்டு உடைந்து ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஆகவே மீதி, இரண்டு ஈய ஒட்சைட்டுக்கு ஒரு ஈயக் காபனேற்று சேர்ந்த மூல உப்பு. இழப்பு 8.2 வீதம் என்று தந்திருந்தால் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம், அதுவும் உண்மையிலேயே உண்டாகிற இடைநிலை.


பாலைப்பழம் எழுதியது:

அதே வினாவின் அடுத்த பகுதி: திறந்த கிண்ணத்தில் 450 பாகையில் நீண்ட நேரம் சூடாக்கினால் 10.26 கிராம். 10.02ஐ விடக் கூடுகிறதே!


பம்பைமடு எழுதியது:

காற்றிலிருந்து ஒட்சிசன் ஏறியிருக்கிறது. ஈய ஒட்சைட்டு சிவப்பு ஈயமாக மாறும்போது 2.4 வீதம் நிறை கூடும், 10.02 இப்போது 10.26. நிறமும் செஞ்சிவப்பாகும். உரோமர் காலத்துப் பிளினி, பிரேயசுத் துறைமுகத்தில் தீப்பிடித்தபோது பானைகளில் இருந்த வெள்ளை ஈயப் பூச்சு எரிந்து இப்படி ஒரு நிறம் கிடைத்ததாக எழுதி வைத்திருக்கிறார்.


பாலைப்பழம் எழுதியது:

அப்போ இன்னும் சூடாக்கினால் இன்னும் கூடுமா?


நெத்தலியாறு எழுதியது:

இல்லை. 550 பாகையைத் தாண்டினால் ஏறிய ஒட்சிசன் இறங்கிவிடும், சிவப்புப் போய் ஆறும்போது மஞ்சளாக நிற்கும், தராசு 10.02க்குத் திரும்பும். (இ) பகுதியில் அதைத்தான் கேட்டிருப்பார்கள், போய்ப் பார்.